கல்லா, கம்பியா? வெளியில் தங்கிச் சமைக்கும் குழுக்களுக்குச் சில விவரங்கள்



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் களம்பூர் பக்கம் அடுப்பு வீட்டோடு இருப்பதில்லை. டிராக்டரிலும் மினி வேனிலும் அண்டா, அரிசி, விறகு, கோழி எல்லாம் ஏறிவிடும். சந்தவாசல் வழியாகப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய், மரத்தடியில் தார்பாய் கட்டி, பொங்கல் வைத்து, படையல் போட்டு, ராத்திரி தங்கித்தான் திரும்புவோம். கார்த்திகையில் திருவண்ணாமலை தீபம். கோடையில் பிள்ளைகள் நச்சரித்தால் ஜவ்வாது மலை. பட்டணத்துக்காரர்கள் இதற்கு 'கேம்பிங்' என்று பேர் வைத்துப் பணம் கட்டிப் போகிறார்கள். நாம் பாட்டி காலத்திலிருந்து பேர் வைக்காமலேயே போய்க்கொண்டிருக்கிறோம்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சமையல் சாமான் செட்டை வாடகைக்கு விடலாம், ஆடி வெள்ளிக் கூட்டத்தில் ஒரு சின்னக் கடையும் போடலாம் என்று குழுக்களில் பேச்சு வருவது உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் என்ன வாங்குவது என்று வரும்போது இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. "தோசக்கல்லு ஒண்ணு பெருசா வாங்கினா போதும்மா, ஆயுசுக்கும் இருக்கும்" என்கிறார்கள் பெரியவர்கள். "இப்போ எல்லாரும் கிரில் சிக்கன்தான் கேக்கறாங்க, கம்பி போட்ட கரி அடுப்பு வாங்கலாம்க்கா" என்கிறார்கள் சின்னப் பெண்கள். கடன் வாங்கித்தான் இந்தச் சாமானை வாங்கப்போகிறோம். மாதா மாதம் தவணை கட்டவேண்டும். மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிற சாமானுக்குத் தவணை கட்டுவது எவ்வளவு எரிச்சல் என்று நமக்குத் தெரியாதா? அதனால் இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சூடு எப்படி வருகிறது?

கல்லில் சமைக்கும்போது நெருப்பு முதலில் இரும்பைச் சுட வைக்கிறது. இரும்பு அந்தச் சூட்டைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, மேலே இருக்கிற மாவுக்கோ மீனுக்கோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. வாங்கின சம்பளத்தைச் சேமிப்பில் போட்டு அளந்து செலவு செய்கிற மாதிரி. கம்பியில் அப்படி இல்லை. கரித்தணலின் அனல் கம்பி இடுக்கு வழியாக நேரே வந்து கறி மேல் அடிக்கிறது. நடுவில் தாங்கிக்கொள்ள யாரும் இல்லை. அதனால்தான் கம்பியில் சுட்டது மேலே கருகி உள்ளே வேகாமல் நிற்கிறது, கல்லில் போட்டது நிதானமாக வேகிறது.

எதை எதில் செய்யலாம் என்பதற்கும் இதுதான் காரணம். தோசை, அடை, கேழ்வரகு அடை, ஆம்லெட், சப்பாத்தி, மீன் வறுவல், ஈரல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தளம் வேண்டும். கம்பியில் மாவை ஊற்ற முடியுமா? மக்காச்சோளம், கத்திரிக்காய், அப்பளம், கருவாடு, கோழித்துண்டு இவற்றுக்கு நேரடி அனல் நன்றாக ஒத்துவரும். தணலில் சுட்ட கருவாட்டின் வாசனை கல்லில் வராது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உலகம் முழுக்க இந்த இரண்டு வழியும் உண்டு. மெக்சிகோவில் சோள ரொட்டிக்குத் தட்டைக் கல், எத்தியோப்பியாவில் புளித்த மாவு ஊற்றுகிற பெரிய வட்டக் கல். அவர்கள் சுடும் இஞ்சேரா நம் தோசைக்கு அக்கா தங்கை மாதிரி. மலேசியாவில் ஒரே தெருவில் ஒரு பக்கம் நம்மவர்கள் கல்லில் ரொட்டி வீசுவார்கள், அடுத்த பக்கம் மலாய்க்காரர்கள் கரித்தணலில் 'சத்தே' சுடுவார்கள். கறித்துண்டைக் குச்சியில் கோத்து, விசிறியால் விசிறி விசிறிச் சுடுவது அது. தென்னை ஈர்க்கைக்கூடக் குச்சியாகப் பயன்படுத்துவார்கள். ஈர்க்குக்கு நம் ஊரில் பஞ்சமா?

ஆடிக் காற்றை மறக்கக் கூடாது

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள். வீட்டுக்குள் சமைப்பதற்கும் வெளியில் சமைப்பதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இந்தக் காற்றுதான். திறந்த வெளியில் தீ ஒரு பக்கமாகச் சாயும். மெல்லிய தகடாக இருந்தால் அந்தப் பக்கம் கருகும், இந்தப் பக்கம் மாவு பச்சையாகவே கிடக்கும். கனமான கல் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். காற்று வருகிற பக்கம் செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கினால் விறகும் மிச்சம், கண் எரிச்சலும் குறைவு.

கரி அடுப்பில் காற்று வேறு விதமாக விளையாடும். ஊத ஊதக் கரி சிவந்து சூடு தாறுமாறாக ஏறும், பொறி பறக்கும். பக்கத்தில் வைக்கோல், காய்ந்த கரும்புத் தோகை, தார்பாய், கீற்றுப் பந்தல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்று பலமாக அடிக்கிற இடத்தில் மூடியில்லாத கரி அடுப்பைப் பற்ற வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு விஷயம். கமண்டல நாகநதி ஓரமாக இறங்கினால் அங்கிருக்கிற கூழாங்கல் மூன்றை எடுத்து அடுப்பு கூட்டிவிடுகிறோம். தண்ணீரில் ஊறிய கல்லின் உள்ளே ஈரம் இருக்கும். சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தெரியாமல் கல்லையே வெடிக்க வைக்கும். துண்டு கண்ணில் பட்டால் கண்ணே போகும். வேனில் நாலு செங்கல் போட்டுக்கொண்டு போவது ஒன்றும் பாரமில்லை.

எந்தக் கல், எவ்வளவு கனம்?

இரும்புக் கடையில் தகட்டை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். அதனால் போகும் முன்பே கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. சென்டிமீட்டரில் நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்குங்கள். வருவதை 7.85-ஆல் பெருக்கினால் கிராமில் எடை கிடைக்கும். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 8 மில்லிமீட்டர் கனம் என்றால் கிட்டத்தட்ட 17 கிலோ. ஒரு பெண் தூக்கி வேனில் வைக்கலாம். அதையே 90-க்கு 60, ஒரு சென்டிமீட்டர் கனம் என்று பரோட்டாக் கடைக் கல் மாதிரி கேட்டால் 42 கிலோ வரும்! அதைத் தூக்க ரெண்டு பேர் வேண்டும், வாடகைக்கு எடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு அடி அகல வட்டக் கல், 3 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். அது குடும்பத்துக்குச் சரி, முப்பது பேர் போகிற வண்டிக்குப் போதாது.

"அலுமினியம் லேசா இருக்குதே, அது வாங்கினா இன்னா?" என்று கேட்கலாம். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். தகடு முழுக்க ஒரே சீராகச் சூடாகும், அது நல்லதுதான். ஆனால் அடுப்பிலிருந்து எடுத்தால் சட்டென்று ஆறிவிடும், விறகடுப்பின் முரட்டுத் தீயில் வளையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதற்கு நேர்மாறு: சூட்டைக் கடத்துவதில் இரும்பில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும், தீ படும் இடம் மட்டும் கருகி மாவு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத பூச்சு போட்ட நான்ஸ்டிக் கல்லை விறகடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் சூடானால் அந்தப் பூச்சு சிதைந்து புகை விடும். வெறும் கல்லை விறகுத் தீயில் விட்டால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும்.

இரும்புக்கு இன்னொரு பெருமையும் உண்டு. புளிப்பான பண்டத்தை இரும்பில் சமைத்தால் கொஞ்சம் இரும்புச் சத்து உணவில் சேரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று வந்திருக்கிறது. அதற்காகத் தோசைக்கல்லே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. மாவு கல்லில் இருக்கிற நேரம் ரொம்பக் குறைவு. செவிலியர் அக்கா கொடுக்கிற மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சிலிண்டர் தலையில் பெரிய கல் வேண்டாம்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். 5 கிலோ சின்ன சிலிண்டரின் தலையிலேயே பர்னரைத் திருகி வைத்துச் சமைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. டீ போட அது தாங்கும். ஆனால் அதன் மேல் அகலமான இரும்புக் கல்லை வைத்தால் மேலே போக வேண்டிய அனல் கல்லில் மோதிக் கீழே திரும்பும். கீழே இருப்பது என்ன? வால்வும் ரப்பர் வாஷரும் சிலிண்டரும்தான். ரப்பர் இளகினால் கேஸ் கசியும், பக்கத்திலேயே தீ எரிந்துகொண்டிருக்கும். கடைகளில் இப்போது விற்கிற, டின் மாதிரி கேஸ் குப்பியைப் பக்கவாட்டில் செருகும் பெட்டி அடுப்புக்கும் இதே ஆபத்து உண்டு. கல் குப்பியை மூடும் அளவுக்கு நீண்டால் குப்பி சூடேறி வெடிக்கலாம்.

கல்லுக்கு கேஸ்தான் வேண்டும் என்றால் தரையில் உட்காரும் தனி அடுப்பு, நல்ல ரப்பர் குழாய், தள்ளி நிமிர்த்தி வைத்த சிலிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய தார்பாய்க்குள் சிலிண்டர் கூடவே கூடாது. அதோடு, வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த 14.2 கிலோ சிலிண்டரைக் கடைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. பிடித்தால் பறிமுதல்தான். கடை போடுபவர்கள் வணிக சிலிண்டர் வாங்க வேண்டும், அந்தச் செலவையும் திட்டத்தில் எழுதுங்கள். ஒரு கிலோ கேஸ் தருகிற சூடு காய்ந்த விறகு மூன்று கிலோவுக்குச் சமம் என்று தோராயமாக வைத்துக் கணக்குப் போடலாம்.

கம்பி வாங்குகிறவர்களுக்கு

வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

கரி பற்றவைத்தவுடன் சமைக்க முடியாது. கருப்பு போய் மேலே வெள்ளைச் சாம்பல் பூக்க இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதுவரை வாடிக்கையாளர் நிற்பாரா? இடையில் கரி தீர்ந்து புதுசு போட்டால் மறுபடியும் காத்திருக்க வேண்டும். கறியிலிருந்து கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்தால் குப்பென்று தீ எழும், கரும்புகை கிளம்பிக் கறியிலேயே படியும். அந்தப் புகையிலும் கருகிய தோலிலும் புற்றுநோயைத் தூண்டக்கூடிய பொருட்கள் இருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஒரு நாள் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. நாள் பூரா புகை முன்னால் நின்று சுடுகிற நமக்குத்தான் விஷயம். கொழுப்பைக் கழித்துவிடுங்கள், தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி அடுத்த பக்கம் கறியை வையுங்கள், கருகிய இடத்தை வெட்டி எறியுங்கள்.

கோழி கம்பியில் மேலே சிவந்துவிட்டது என்று நம்பிப் பரிமாறாதீர்கள். எலும்பு ஓரம் கீறிப் பார்த்தால் இரத்த நீர் வரக் கூடாது. நடுவில் 74 டிகிரி சூடு ஏறியிருக்க வேண்டும் என்பது கணக்கு. மசாலா தடவிய கறியைக் காலையில் வண்டியில் ஏற்றி மத்தியானம் வரை வெயிலில் வைத்துவிட்டுச் சுட்டால், கம்பியானாலும் கல்லானாலும் வயிற்றுப்போக்குதான். ஐஸ் பெட்டி இல்லாவிட்டால் கறியை அங்கேயே வாங்கி அங்கேயே சமையுங்கள்.

செலவைக் குறைக்கக் கோழிக்கூண்டு வலையை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அந்த வலைக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும். சூட்டில் அது புகையாகும், புளிப்பு மசாலா பட்டால் கரைந்து கறியில் இறங்கும். வெறும் இரும்புக் கம்பி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் வெல்டிங் கடையில் செய்து வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. தணிந்த கரி அடுப்பைக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அறைக்குள்ளோ, கூடாரத்துக்குள்ளோ, வேனுக்குள்ளோ எடுத்து வைக்காதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு வாசனை இல்லை, நிறமில்லை, கண் எரியாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கும் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழவே இல்லை. கார்த்திகைக் குளிரில் ஜவ்வாது மலையில் தங்குகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். மலைக்குப் போனால் காப்புக்காட்டுக்குள் எந்த அடுப்பும் மூட்டக் கூடாது, வனச் சட்டப்படி அது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது நினைவிருக்கும். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

என்ன புடவை கட்டிக்கொண்டு சமைப்பது?

தறி ஓட்டுகிற ஊரில் இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்கலாம். அசல் பட்டா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்திப் பார்ப்போம் அல்லவா? பட்டு மெதுவாக எரியும், முடி கருகிய நாற்றம் வரும், தீயை எடுத்தால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். நைலான், பாலியஸ்டர் அப்படி இல்லை. உருகிச் சொட்டும், தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பருத்தி உருகாது, ஆனால் சட்டென்று பற்றும். அதற்காகப் பட்டுப் புடவையில் அடுப்படியில் நிற்கச் சொல்லவில்லை! இறுக்கமாகச் செருகிய பருத்திப் புடவை, இடுப்பில் சொருகிய முந்தானை, பின்னிக் கட்டிய தலைமுடி போதும். நைலான் புடவையும் காற்றில் பறக்கிற துப்பட்டாவும் வேண்டாம். காற்று வருகிற பக்கம் முதுகைக் கொடுத்து நிற்காதீர்கள், பறக்கிற துணி நேரே தீயில்தான் போய் விழும். ஒரு வாளி தண்ணீரும் ஒரு கூடை மணலும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

சுட்டுக்கொண்டால் ஓடுகிற தண்ணீரில், அல்லது சொம்பு சொம்பாக ஊற்றி, இருபது நிமிஷம் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், எண்ணெய், மாவு எதுவும் தடவக் கூடாது. வளையல், மோதிரத்தை வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். காயம் பெரிதாக இருந்தால் 108-க்குப் போன் போடுங்கள்.

அப்படியானால் எதை வாங்கலாம்?

எங்களைக் கேட்டால் முதல் தவணைப் பணத்தில் 8 மில்லிமீட்டர் இரும்புக் கல் ஒன்று, அதைத் தாங்கக் கால் மடிக்கிற இரும்பு ஸ்டாண்டு ஒன்று. அது போதும். காலையில் இட்லி மாவு மிச்சத்தில் தோசை, மத்தியானம் மீன், சாயங்காலம் கேழ்வரகு அடை, ராத்திரி முட்டை என்று நாள் முழுக்க அதற்கு வேலை இருக்கும். சைவமும் அசைவமும் ஒரே கல்லில் போட்டால் கோயில் கூட்டத்தில் பாதிப் பேர் வாங்கமாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள். முடிந்தால் இரண்டு சின்னக் கல்லாக வாங்கி, கைப்பிடியில் பச்சை, சிவப்பு பெயின்ட் அடித்துவிடலாம். அதே ஸ்டாண்டின் அளவுக்கே ஒரு கம்பிச் சட்டமும் செய்யச் சொல்லுங்கள். அதற்கு அதிகம் செலவாகாது. சோளம், கருவாடு கேட்பவர்களுக்குக் கல்லை எடுத்துவிட்டுக் கம்பியை வைத்துக்கொள்ளலாம். சின்னப் பெண்கள் ஆசைப்படுகிற மூடி போட்ட பார்பிக்யூ அடுப்பை ஒரு ஆடி முழுக்கக் கணக்கு எழுதிப் பார்த்தபின் முடிவு செய்யலாம். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை நாள் வாடகைக்குப் போனது என்று தனி நோட்டில் எழுதி வையுங்கள்.

கடை போடுவதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2006-ம் வருஷத்துச் சட்டம் சின்னக் கடைக்கும் பொருந்தும். கோயில் இடத்தில் கடை வைக்கக் கோயில் அலுவலகத்திலும் பஞ்சாயத்திலும் அனுமதி கேட்டு, ரசீதை வாங்கிக் குழுக் கோப்பில் வையுங்கள்.

புதுக் கல் வந்ததும் அப்படியே வாடகைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். நன்றாகக் காய வைத்து, மெல்லிசாக நல்லெண்ணெய் தடவிப் புகை வரும் வரை சூடாக்கி ஆற விடுங்கள். இப்படி மூன்று நாலு முறை செய்தால் கல் கருத்துப் பழகிவிடும். கொதிக்கிற கல்லில் சில்லென்று தண்ணீர் ஊற்றினால் தகடு வளையும், ஆவி கையைச் சுடும். வாடகையிலிருந்து திரும்பி வந்ததும் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். திருப்பி வாங்குகிற உறுப்பினர் கல்லின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாடகை நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.